யோகா டீச்சர் ஆகப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"அக்கா, உங்களுக்குத்தான் யோகா இவ்வளவு நல்லா வருதே... எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன். சும்மா வேண்டாம், மாசாமாசம் ஃபீஸ் குடுத்துடறோம்!"

பக்கத்து ஃபிளாட் பெண் ஒரு நாள் இப்படிக் கேட்டுவிடுகிறாள் என்று வையுங்கள். உங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு குஷி. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்றுதானே கிடக்கிறது? மொட்டை மாடி இருக்கிறது. நாலு பாய் வாங்கிப் போட்டால் கிளாஸ் ரெடி!

முதல் மாதம் 4 பேர். மூன்றாவது மாதம் 12. ஆறாவது மாதம் மாடி கொள்ளாமல் 25 பேர். 'ஆஹா, தொழில் வளர்ந்துடுச்சு' என்று நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா, முன்னால் இருப்பவர்களைப் பார்த்துத் தானும் இரண்டு காலையும் தூக்கி சர்வாங்காசனம் போடப் பார்க்கிறார். கழுத்தில் 'சுரீர்!' நீங்களோ அந்த நேரம் முதல் வரிசையில் யாருக்கோ முதுகை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கவனிக்கவே இல்லை.

மறுநாள் அந்த அம்மா வரவில்லை. அடுத்த வாரம் அவரோடு வந்த மூன்று பேரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் காய்கறிக் கடையில் பேச்சு அடிபடுகிறது... "அந்த மாடி கிளாஸா? போகாதீங்க, கழுத்துப் பிடிச்சுக்கும்!"

ஆறு மாத உழைப்பு காலி. அதைவிட முக்கியம், உங்களை நம்பி வந்த ஒருத்தருக்கு வலி.

யோகா கிளாஸ் நடத்த நினைப்பவர்கள், ஏற்கெனவே நடத்துபவர்கள், எல்லோரும் மனசில் எழுதி வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். இந்தத் தொழிலுக்கு உங்கள் கண்தான் முதல். ஒரே நேரத்தில் எத்தனை உடம்பைப் பார்க்க உங்களால் முடியுமோ, அவ்வளவுதான் உங்கள் கிளாஸ். எப்படி ஆரம்பிப்பது, எப்படி வளர்ப்பது என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. பார்ப்போமா?

நீங்க எங்கே கத்துக்கிட்டீங்க?

டாக்டருக்கு இருப்பது போல யோகா சொல்லித்தரக் கட்டாய லைசென்ஸ் எதுவும் நம் நாட்டில் கிடையாது. அதற்காக டி.வி.யில் பார்த்தது, செல்போனில் பார்த்தது எல்லாவற்றையும் அடுத்தவர் உடம்பில் சோதித்துப் பார்க்கலாமா? கூடாது! நீங்கள் ஓர் ஆசனத்தை நன்றாகப் போடுவது வேறு. அது வராத ஒருத்தருக்கு ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து, அதற்குப் பதில் என்ன தரலாம் என்று யோசிப்பது வேறு. இரண்டாவதுதான் டீச்சர் வேலை.

மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு நிலை வாரியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் யோகா படிப்புகள் உண்டு. சான்றிதழை மாட்டி வைத்தால் பெருமைதான். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், அனுபவமுள்ள ஒரு ஆசிரியரின் வகுப்பில் ஆறு மாதமாவது உதவியாளராக நில்லுங்கள். விதவிதமான முழங்கால், விதவிதமான முதுகு... எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத படிப்பு அது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று!

பாய் வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். சேர வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், வயது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர். பிறகு கேள்விகள். பி.பி. இருக்கா? சுகர் இருக்கா? என்ன மாத்திரை, ஊசி? இதயம், கண், முதுகுத்தண்டில் ஏதாவது பிரச்னை? ஆபரேஷன் ஆகியிருக்கா? கர்ப்பமா?

"இதையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? நான் யோகா கத்துக்கத்தானே வந்தேன்?" என்று சிலர் முறைப்பார்கள். பொறுமையாகக் காரணத்தைச் சொல்லுங்கள்.

• பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் வேண்டாம். மூச்சை அடக்கி வைப்பதும் கூடாது.

• கிளாகோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் இருப்பவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா செய்பவர்களையே சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தது தெரியவந்தது.

• முதுகு டிஸ்க் விலகியவர்களையும் எலும்பு தேய்ந்த வயதானவர்களையும் முன்னால் குனிய வைத்து முதுகை அழுத்தவே அழுத்தாதீர்கள்.

• இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். கிளாஸில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

• கர்ப்பிணிகளுக்குக் குப்புறப் படுப்பதும் மூச்சை அடக்குவதும் வேண்டாம். அவங்க டாக்டர் சம்மதம் இல்லாமல் சேர்க்கவே சேர்க்காதீங்க.

சந்தேகமா? "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிடுங்கள். ஒரு ஃபீஸ் போகும். போகட்டுமே! அப்படி அனுப்பப்பட்டவர்தான் நாலு பேரிடம், "அவங்க பணத்துக்காக நடத்தலைங்க" என்று சொல்வார். அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சரி, பணம் பற்றிப் பேச ஏன் கூச்சம்? பேசிவிடுவோம். ஓர் உதாரணத்துக்கு, ஒரு பேட்ச்சுக்கு 12 பேர், தினம் மூன்று பேட்ச். மொத்தம் 36 பேர். மாத ஃபீஸ் 800 ரூபாய் என்றால் வரவு 28,800. ஹால் வாடகை 9,000, கரண்ட், பெருக்கித் துடைக்க ஆள், இதர செலவு 2,800. மொத்தச் செலவு 11,800. கையில் நிற்பது 17,000 ரூபாய்.

பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீங்க! மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மே மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இப்படி 36 பேரில் 9 பேர் நின்றுவிட்டால் வரவு 21,600. ஆனால் ஹால்காரர் வாடகையைக் குறைப்பாரா? செலவு அதே 11,800. கையில் 9,800 மட்டும்தான்! நின்றது கால்வாசிப் பேர். குறைந்ததோ நாற்பது சதவீதத்துக்கும் மேல்.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, ஹால் வாடகையை நல்ல மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மோசமான மாதத்திலும் கட்ட முடிகிற வாடகைதான் சரியான வாடகை. அதுவரை மொட்டை மாடி, பள்ளிக்கூட ஹால், முகூர்த்தம் இல்லாத நாட்களில் சின்ன மண்டபம் என்று சமாளிக்கலாம். இரண்டாவது, புதிதாக 9 பேரைத் தேடிப் பிடிப்பதைவிட இருக்கிற 9 பேர் நிற்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். இரண்டு நாள் வராதவருக்கு ஒரு போன் போடுங்க. "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் போதும். ஃபீஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்!

இன்னொரு ஆசையும் வரும். '36 பேரையும் ஒரே பேட்ச்சில் உட்கார வைத்தால் என்ன? அதே வருமானம், ஒரு மணி நேரத்தில் வேலை முடிஞ்சுடுமே!' அங்கேதான் அந்தக் கடைசி வரிசை அம்மா காத்திருக்கிறார்.

மைசூரிலிருந்து மயிலாப்பூருக்கு...

உலகம் முழுக்க இன்று பரவியிருக்கும் யோகாவில் பெரும்பகுதிக்கு வேர், திருமலை கிருஷ்ணமாச்சார்யா என்கிற ஒரே ஆசிரியர். பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லோரும் அவரிடம் கற்றவர்கள்தான். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் துடிப்பான பையன்களுக்குக் குழுவாகச் சொல்லிக்கொடுத்தவர், 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். காரணம் எளிது. இங்கே வந்தவர்களில் பலர் குடும்பஸ்தர்கள், வயதானவர்கள், நோயாளிகள். பையனுக்குப் பொருந்துவது பாட்டிக்குப் பொருந்துமா?

அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்கேற்ற ஆசனம், ஆளுக்கேற்ற மூச்சு என்பதுதான் அங்கும் அடிப்படை. தனித்தனியாகப் பார்ப்பதையே வழக்கமாக வைத்துக்கொண்ட அந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். கூட்டம் சேர்த்தால்தான் வளர முடியும் என்று யார் சொன்னது?

அப்போ எப்படித்தான் வளர்றது?

பேட்ச்சைப் பெரிதாக்காதீங்க. பேட்ச்களைக் கூட்டுங்க!

காலை 6 மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். 10 மணிக்கு இல்லத்தரசிகள். மாலை 4 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் அறுபது வயதுக்காரர்கள். 5 மணிக்குப் பிள்ளைகள். ஒரே மாதிரி உடம்புக்காரர்கள் ஒரே பேட்ச்சில் இருந்தால் உங்களுக்கும் சுலபம், அவர்களுக்கும் கூச்சமில்லை. பெண்களுக்கு மட்டும் என்று ஒரு பேட்ச் வைத்துப் பாருங்கள், நிம்மதியாக வருவார்கள். ஆணோ பெண்ணோ, கேட்காமல் யாரையும் தொட்டுத் திருத்தாதீர்கள்.

தனியாகச் சமாளிக்க முடியாத நிலை வரும்போது இரண்டாவது டீச்சரைத் தேடுங்கள். வெளியில் தேட வேண்டாம். உங்கள் மாணவிகளிலேயே, பக்கத்துப் பாயில் இருப்பவருக்குத் தலையணை எடுத்துக் கொடுக்கிற ஒருத்தி இருப்பாள், பாருங்கள். அவளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். முதலில் கடைசி வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் தனி பேட்ச். சம்பளத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று முதல் நாளே பேசி எழுதி வைத்துவிடுங்கள். "கத்துக்கொடுத்தேன், அதனால சும்மா வேலை செய்யட்டும்" என்று நினைத்தால், ஒரு நாள் அவள் பாதி மாணவிகளோடு பக்கத்துத் தெருவில் கிளாஸ் தொடங்கிவிடுவாள். தப்பு யார் மேல்?

2020 லாக்டவுனுக்குப் பிறகு செல்போன் வழியாகக் கற்றுக்கொள்வதும் பழகிவிட்டது. ஊர் மாறிப்போன பழைய மாணவிகளைத் தக்கவைக்க அருமையான வழி. ஆனால் புதியவர்களை முதலில் நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். உள்ளங்கை அகலத் திரையில் ஒருத்தரின் மூச்சு திணறுவது தெரியுமா?

ஜூன் 21 சர்வதேச யோகா தினம். 2015-லிருந்து கொண்டாடப்படுகிறது. அன்றைக்கு உங்கள் தெருவுக்கு ஓர் இலவச வகுப்பு நடத்துங்கள். எளிய மூச்சும் நாலு ஆசனமும் போதும்.

நோட்டீஸில் ஜாக்கிரதை!

'30 நாளில் சுகர் காலி!' 'மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்!' இப்படியெல்லாம் நோட்டீஸ் அடித்தால் கூட்டம் வரும். ஆனால் அதை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும், யோசித்தீர்களா? தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. யோகா மருந்தோடு கூட நடக்கிற துணை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். யோகா மையங்களுக்கு 18 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. அதுவரை வளராவிட்டாலும், வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுத்துக் கணக்கு எழுதும் பழக்கம் முதல் மாதத்திலிருந்தே இருக்கட்டும். பிற்பாடு பேங்க்கில் முத்ரா கடன் கேட்கப் போனால், அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

என்ன, பக்கத்து ஃபிளாட் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? தாராளமாக "வாம்மா" என்று சொல்லுங்கள். ஆனால் முதல் நாள் பாயை விரிப்பதற்கு முன்னால் நோட்டை விரியுங்கள். கிளாஸ் நடக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நடந்துபோய்க் கடைசி வரிசையில் நில்லுங்கள். அங்கே சேர்ந்திருக்கும் புது அம்மாவிடம், "உங்களுக்குக் கால் தூக்குறது வேண்டாம்மா... சுவர் ஓரமா படுத்து, காலைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுக்கங்க, போதும்" என்று சொல்லுங்கள்.

அவர் மறுநாளும் வருவார். கூடவே தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு!