ஒரு நாளில் ஒரு நகரம் – 6: ஐதராபாத், பின்னோக்கி ஓடும் பேருந்து

ஐதராபாத்தை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பேருந்துகள் பெரும்பாலும் பிர்லா மந்திரில் தொடங்கி உசேன் சாகர் ஏரிக்கரையில் முடிகின்றன. இடையில் சௌமகல்லா அரண்மனை, சார்மினார், மெக்கா மசூதி, சாலார் ஜங் அருங்காட்சியகம், கோல்கொண்டா கோட்டை, குதுப் ஷாகி கல்லறைகள் ஆகியவை வருகின்றன. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் இடங்கள் ஏறக்குறைய இவைதான். முன்பின்னாகச் சில மாற்றங்கள் இருக்கும், அவ்வளவே. காலை எட்டு மணிக்கு முன்பின்னாகப் புறப்படும் வண்டி, இருட்டிய பிறகு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிறது. வண்டிக் கட்டணத்தோடு நுழைவுச்சீட்டும் சாப்பாடும் சேர்ந்திருக்கின்றனவா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தச் சுற்றுலாவுக்கு ஆகாத நாள் வெள்ளிக்கிழமை. அன்று சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் சௌமகல்லா அரண்மனைக்கும் விடுமுறை. மெக்கா மசூதியில் ஜும்மா தொழுகைக்குக் கூட்டம் திரளும். மூன்று முக்கிய இடங்கள் கைவிட்டுப்போனால் மிஞ்சுவது அரை நகரம்தான்.

பேருந்து செல்லும் வரிசை, நகரம் பிறந்த வரிசைக்கு ஏறக்குறைய எதிரானது. இருபதாம் நூற்றாண்டுக் கோயிலில் தொடங்கி, பிற்கால ஆட்சியாளர்களான நிஜாம்களின் அரண்மனை வழியாக 1591-ஆம் ஆண்டின் சார்மினாருக்குப் போகிறது. பிற்பகலில்தான் அதற்கும் முந்தைய கோல்கொண்டாவை எட்டுகிறது. வரலாறு தெரியாமல் ஏறுகிறவருக்கு இவை எட்டுத் தனித்தனி இடங்களாகவே மனத்தில் நிற்கும். கதையின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் போகிறோம் என்று தெரிந்து ஏறுகிறவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் அடுத்ததை விளக்கும். எல்லாவற்றையும் கோக்கும் சரடு ஒன்றும் உண்டு. அது தண்ணீர்.

பிர்லா மந்திர் நௌபத் பகாட் என்னும் குன்றின்மேல் நிற்கிறது. ராஜஸ்தான் வெள்ளைச் சலவைக்கல்லால் கட்டப்பட்டு 1976-இல் திறக்கப்பட்டது. கருவறையில் இருப்பவர் வேங்கடேசுவரர். இங்கே மணி கிடையாது. கோயில் அமைதியாகத் தியானிப்பதற்கு ஏற்ற இடமாக இருக்கவேண்டும் என்று இராமகிருஷ்ண மடத்தின் சுவாமி ரங்கநாதானந்தர் விரும்பியதே அதற்குக் காரணம். குன்றின் உச்சியிலிருந்து உசேன் சாகரும் இரட்டை நகரங்களும் ஒரே பார்வையில் தெரியும். நகரத்தின் வரைபடத்தை மனத்தில் பதித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லாததால் பார்வைக்கு முழுக் கவனமும் கிடைக்கிறது.

அங்கிருந்து தெற்கே இறங்கும் பேருந்து, நயாபுல் பாலத்தில் மூசி ஆற்றைக் கடக்கிறது. பாலத்தில் வண்டி நிற்பதில்லை. வழிகாட்டிகளும் இந்த இடத்தைப் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இன்றைய ஐதராபாத்தின் உருவத்தை முடிவு செய்தது இந்த ஆறுதான். 1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் வந்த வெள்ளம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. வடகரையில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள புளியமரம் அந்த நாளின் சாட்சி. அதன் கிளைகளில் ஏறித் தப்பியவர்கள் நூற்றைம்பது பேர் என்று சொல்லப்படுகிறது. வெள்ளத்துக்குப் பின் நிஜாம் அரசு மைசூர்ப் பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. ஆற்றின் மேற்பகுதியிலேயே நீரைத் தேக்கிவைக்க வேண்டும் என்றார் அவர். அதன்படி மூசியில் உஸ்மான் சாகர் 1920-இலும், அதன் துணையாறான ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய இரு தேக்கங்களும் நகரத்துக்குப் பல பத்தாண்டுகள் குடிநீரும் தந்தன.

சௌமகல்லா என்றால் நான்கு மாளிகைகள் என்று பொருள். 1750 வாக்கில் சலாபத் ஜங் காலத்தில் தொடங்கிய வேலை, ஐந்தாம் நிஜாம் அப்சலுத்தௌலா காலத்தில், 1857-க்கும் 1869-க்கும் இடையில் நிறைவடைந்தது. நிஜாம்கள் அரியணை ஏறியதும், விருந்தினரை வரவேற்றதும் இங்கேதான். தர்பார் மண்டபமான கில்வத் முபாரக்கில் சலவைக்கல் மேடைக்கு மேலே பத்தொன்பது பெல்ஜியப் படிகச் சரவிளக்குகள் தொங்குகின்றன. ஆட்சி போன பிறகு பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்த இந்த அரண்மனையை நிஜாம் குடும்பத்து இளவரசி எஸ்ரா முன்நின்று புதுப்பித்தார். அந்தப் பணிக்கு 2010-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. பழைய மோட்டார் வண்டிகள் நிற்கும் கூடத்திலேயே பயணிகள் நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். சுதை வேலைப்பாட்டுக்காகவே தெற்கு முற்றத்தையும் ஒரு முறை சுற்றி வரலாம்.

சார்மினார் நடந்துபோகும் தூரம். 1591-இல் இதைக் கட்டியவர் கோல்கொண்டாவின் ஐந்தாம் சுல்தான் முகமது குலி குதுப் ஷா. தக்கணி உருது மொழியில் பெரும் பாடல் தொகுப்பு ஒன்றை விட்டுச்சென்ற கவிஞர் அவர். கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பியது என்ற கதைதான் அதிகம் சொல்லப்படுகிறது. ஹிஜ்ரி ஆண்டு ஆயிரம் தொடங்கிய காலம் அது என்பதால், புதிய ஆயிரமாண்டின் நினைவாக அமைத்த புதிய நகரத்தின் நடுமையம் இது என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. கட்டட அமைப்பும் இரண்டாவது விளக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. நான்கு திசைகளிலும் நான்கு தெருக்கள் நீள, அவை வெட்டும் இடத்தில் நான்கு வளைவுகளும் நான்கு மினார்களும் நிற்கின்றன. நகரத்துக்கு முதல் புள்ளியை வைத்து அங்கிருந்து தெருக்களை இழுத்திருக்கிறார்கள். திட்டமிட்டவர் முதலமைச்சர் மீர் மோமின் அஸ்தராபாதி. மினாருக்குள் சுழன்று ஏறும் படிகள் 149. மேல்மாடியில் ஒரு மசூதி உண்டு. வளைவுகளின் மேலுள்ள கடிகாரங்கள் 1889-இல் வந்தவை.

தென்மேற்கே சில அடிகள் நடந்தால் மெக்கா மசூதி. 1617-இல் தொடங்கிய வேலை குதுப் ஷாகி வம்சம் முடிந்த பிறகு, ஔரங்கசீப் காலத்தில் 1694 வாக்கில்தான் நிறைவுற்றது. நடு வளைவுக்கு மெக்காவிலிருந்து வந்த மண்ணில் செய்த செங்கல் பயன்பட்டதால் இந்தப் பெயர். முற்றத்தின் ஓரத்தில் நிஜாம்கள் சிலரின் கல்லறைகள் உள்ளன. சார்மினாருக்கு மேற்கே போகும் தெரு லாட் பஜார். அரக்கை உருக்கி வளைத்து, சூடு ஆறும் முன் கண்ணாடித் துண்டுகளையும் கற்களையும் ஒன்றொன்றாகப் பதித்து வளையல் செய்கிறார்கள். சில கடைகளின் உட்புறத்தில் இந்த வேலையையே பார்க்கலாம்.

கடல் இல்லாத இந்த ஊர் முத்துக்குப் பெயர்பெற்றதற்குக் காரணம் நிஜாம்களின் ஆசை. பாரசீக வளைகுடாவிலிருந்து முத்துகள் வந்து குவிய, துளையிடும் கைவினைஞர்களும் இங்கேயே குடியேறினார்கள். அந்தப் பெயரை நம்பிப் பல சுற்றுலா வண்டிகள் ஏதாவது ஒரு முத்துக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்துகின்றன. பயணிகள் ஒன்றுசேர்ந்து வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலும் வண்டி நிற்காது. அப்படி மிச்சமாகும் முக்கால் மணி நேரம் அடுத்த நிறுத்தத்துக்குத் தேவை.

அடுத்தது சாலார் ஜங் அருங்காட்சியகம். மூசியின் தென்கரையில் இருக்கிறது. மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் (1889–1949) ஏழாம் நிஜாமிடம் முதலமைச்சராகச் சிறிது காலம் இருந்து, பிறகு வாழ்நாள் முழுவதையும் பொருள் சேர்ப்பதிலேயே கழித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் இறந்த பிறகு 1951 டிசம்பர் 16 அன்று அவருடைய மாளிகையிலேயே நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். 1968-இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. முப்பதுக்கு மேற்பட்ட கூடங்கள், பல்லாயிரம் பொருட்கள். சுற்றுலாக்காரர்கள் ஒதுக்கும் ஒன்றரை மணி நேரத்தில் இவற்றை எல்லாம் பார்ப்பது நடவாத காரியம்.

ஆகவே தேர்ந்து பார்க்க வேண்டும். இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த முகத்திரை ரெபேக்கா சிலையை முதலாம் சாலார் ஜங் 1876-இல் ரோம் நகரில் வாங்கினார். முகத்தின்மேல் படிந்திருக்கும் மெல்லிய துணியும் சலவைக்கல்லே. துணிக்குப் பின்னால் முகம் தெரிவது போன்ற மயக்கத்தை ஒரே கல்லில் உண்டாக்கியிருக்கிறார். இன்னொன்று, ஒரே மரத்தில் முன்னும் பின்னுமாகச் செதுக்கிய இரட்டைச் சிலை. முன்பக்கம் செருக்கோடு நிமிர்ந்த சாத்தான் மெபிஸ்டோபிலிஸ்; பின்னால் வைத்த கண்ணாடியில் தலைகுனிந்த மார்கரெட்டா. ஒரு நாடகக் கதையின் இரு பாத்திரங்களை ஒரே உடலில் சேர்த்த கற்பனை அது. மணிக்கு ஒரு முறை கடிகாரக் கூடத்தில் கூட்டம் சேர்கிறது. குக் அண்ட் கெல்வி கடிகாரத்தில் சிறு பொம்மை மனிதன் கதவைத் திறந்து வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போகிறான். அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கையெழுத்துப் படிகளின் கூடம் ஆளில்லாமல் இருக்கும். அரபி, பாரசீக எழுத்தை ஓவியமாகவே வளர்த்த கலையை இவ்வளவு அருகில் பார்க்கும் வாய்ப்பு தென்னிந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி மேற்கே சுமார் பத்து கிலோமீட்டர் போய்க் கோல்கொண்டாவை அடைகிறது. மதிய உணவு அளவாக இருப்பது முக்கியம். முன்னால் முந்நூறுக்கு மேற்பட்ட படிகள் காத்திருக்கின்றன.

இடையர் குன்று என்று பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்தக் கருங்கல் மலையில் முதலில் இருந்தது காகதியர் காலத்து மண்கோட்டை. பின்பு பாமினி சுல்தான்களிடம் போனது. அவர்களின் ஆளுநராக இருந்த ஈரானியர் சுல்தான் குலி 1518 முதல் தனியாட்சி நடத்தினார். அவர் வழியினர் எழுவரும் அவருமாக எட்டு சுல்தான்கள் 1687 வரை ஆண்டார்கள். கோகினூர் வைரம் கிடைத்ததாகக் கருதப்படும் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கம் அவர்கள் ஆட்சிக்குள் இருந்தது. தமிழ்நாட்டுக்கும் இந்த அரசுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1640-களின் பிற்பகுதியில் சென்னைப் பகுதி கோல்கொண்டாவின் கைக்கு வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் ஆண்டுதோறும் பணம் கட்டியது இந்தச் சுல்தான்களுக்குத்தான்.

நுழைவாயில் மண்டபத்தின் கவிகைக்குக் கீழே நின்று வழிகாட்டி கைதட்டிக் காட்டுவார். அந்த ஒலி மலையுச்சியின் பாலா ஹிசார் மண்டபத்தில் கேட்கும். கவிகையின் வளைவு ஒலியைச் சிதறவிடாமல் திரட்டி அனுப்புகிறது. வாயிலில் யார் வந்தாலும் மேலே தெரிந்துவிடும் ஏற்பாடு அது. எல்லோரும் இதில் வியந்து நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய சாதனை சுவர்களுக்குள் பதிந்திருக்கும் சுடுமண் குழாய்கள். துர்கம் செருவு ஏரியிலிருந்து வந்த நீரைக் கீழ்த்தொட்டியில் சேர்த்து, பாரசீகச் சக்கரங்களால் அடுத்த தொட்டிக்கும், அங்கிருந்து அதற்கடுத்த தொட்டிக்கும் படிப்படியாக ஏற்றி உச்சி வரை கொண்டுபோனார்கள். அந்த ஏரி இன்றைய மென்பொருள் நகரப் பகுதியில் இருக்கிறது. இவ்வளவு செய்தும் பெருகிய மக்களுக்குக் கோட்டைப் பகுதி போதவில்லை. இடமும் நீரும் தேடித்தான் மூசியின் தென்கரையில் சார்மினார் நகரம் எழுந்தது. காலையில் பார்த்த நகரம் ஏன் எழுந்தது என்பதற்கான விடை மாலையில் இந்தத் தொட்டிகளின் அருகே கிடைக்கிறது.

ஏறும் வழியில் ராமதாஸ் சிறை வருகிறது. பத்ராசலத்தில் வரி வசூலித்த காஞ்சர்ல கோபண்ணா அரசுப் பணத்தில் ராமர் கோயில் கட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே அடைபட்டிருந்தார் என்பது மரபு. சுவரில் ராம, லட்சுமண, அனுமன் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில் இன்றும் பாடப்படும் பத்ராசல ராமதாஸ் கீர்த்தனைகள் அவர் இயற்றியவை. அவரைச் சிறைவைத்த அபுல் ஹசன் தானா ஷாவே கடைசிச் சுல்தான். 1687-இல் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. உள்ளிருந்த ஒருவர் கதவைத் திறந்துவிட்ட பிறகே விழுந்தது.

முழங்கால் வலி உள்ளவர்கள் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. கீழேயுள்ள அரண்மனைகளும் ஆயுதக் கிடங்கும் ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

குதுப் ஷாகி கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு மிக அருகில். சதுர அடித்தளமும் வளைவு வரிசையும் தாமரை இதழ்மேல் அமர்ந்த குமிழ் மாடமுமாகப் பெரும்பாலானவை எழுகின்றன. எல்லாவற்றிலும் உயரமானது முகமது குலியுடையது. தௌலதாபாத்தில் சிறைப்பட்டு இறந்த தானா ஷா மட்டும் இங்கே இல்லை. 2013 முதல் ஆகா கான் அறக்கட்டளை இங்கே நடத்திய சீரமைப்பில், தூர்ந்துகிடந்த படிக்கிணறுகள் மறுபடி நீர் பிடித்தன. கடைசி அரை மணியில் அவசரமாகக் கடக்கப்படும் இந்தத் தோட்டம், முழு நாளின் மிக அழகான இடம்.

அந்தி சாயும்போது வண்டி உசேன் சாகருக்குத் திரும்புகிறது. இப்ராகிம் குதுப் ஷா காலத்தில், 1562 வாக்கில், சார்மினாருக்கும் முன்பே வெட்டிய ஏரி இது. நடுவே நிற்கும் 58 அடிப் புத்தர் ஒரே கல்லில் ஆனவர். வடித்தவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி; கன்னியாகுமரி வள்ளுவரை வடித்த வை. கணபதி ஸ்தபதி வேறொருவர். 1990 மார்ச்சில் சிலையை ஏற்றிவந்த மிதவை சாய்ந்து, உடன்சென்ற தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏரியடியில் கிடந்த சிலை மீட்கப்பட்டு, 1992 டிசம்பர் 1 அன்று இப்போதுள்ள பாறையில் நிறுத்தப்பட்டது. படகில் பாறை வரை போய்வரலாம்.

இந்தச் சுற்றில் சேராத இடம் ஒன்று உண்டு: 1578-இல் மூசியின்மேல் கட்டிய புரானாபுல். காதலி பாகமதியைக் காண வெள்ளத்தில் குதிரையை இறக்கிய இளவரசன் முகமது குலிக்காகத் தந்தை கட்டிய பாலம் என்று கதை. பாலம் முடிந்தபோது இளவரசனுக்கு வயது பதின்மூன்று. கோல்கொண்டாவிலிருந்து தென்கரைக்கு வழி திறந்தது இந்தப் பாலம்தான். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கரையில் சார்மினார் எழுந்தது. ஐதராபாத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பாலம்.