மூன்று விதை, மூன்று செடி

மரபியல் பாடம் என்றாலே மெண்டல், பட்டாணி, 3:1. அடுத்ததாகப் பிள்ளைகளை நாக்கைக் குழலாகச் சுருட்டிக் காட்டச் சொல்வார்கள். அது ஒற்றை மரபணுவின் வேலை என்று 1940இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். ஒத்த இரட்டையரிலேயே ஒருவருக்கு நாக்கு சுருள்வதும் மற்றவருக்குச் சுருளாததும் 1952இல் தெரிந்துவிட்டது. ஸ்டர்டிவன்டே பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். வகுப்பறைகள்தான் இன்னும் விடவில்லை.

கல்வராயன் மலைப் பள்ளிகளுக்கு நாக்கும் வேண்டாம், பட்டாணியும் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி இருக்கிறது.

மரவள்ளியை யாரும் விதைப்பதில்லை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தண்டை நறுக்கி ஊன்றுவார்கள். முளைப்பது அச்சு அசல் தாய்ச்செடியேதான். வெள்ளிமலையிலிருந்து ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில் இறங்கும் கிழங்கெல்லாம் இப்படிக் குச்சியில் வந்ததுதான்.

ஆனால் மரவள்ளி பூக்கும், காய்க்கும். ஒரே கொத்தில் பெண் பூக்கள் முதலில் மலர்ந்து ஓய்ந்துவிடும். ஆண் பூக்கள் மலர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதனால் மகரந்தம் பெரும்பாலும் வேறு கொத்திலிருந்தோ வேறு செடியிலிருந்தோதான் வந்து சேரும். காய் முற்றினால் 'பட்'டென்று வெடிக்கும். உள்ளே மூன்று விதை, சின்ன ஆமணக்கு விதை போலப் புள்ளி போட்டு. இரண்டும் ஒரே குடும்பம்தானே. மூன்றையும் தனித்தனித் தொட்டியில் போட்டால் வேடிக்கை தெரியும். ஒன்றின் இலைக்காம்பு சிவப்பாக இருக்கலாம், இன்னொன்றில் பச்சையாக. இலை மடல் ஒன்றில் அகலம், ஒன்றில் ஒல்லி. ஒரே காயில் பிறந்த உடன்பிறப்புகள்! பக்கத்தில் அதே தாயின் குச்சிகள் மூன்றை நட்டு வைத்தால் பாடம் முடிந்தது. பட்டாணி தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே காய்த்துத் தூய வழியாகி நிற்பது. மரவள்ளியோ உள்ளுக்குள் கலவை. குச்சி அந்தக் கலவையை மூடி வைக்கிறது, விதை கலைத்துப் போடுகிறது.

இந்தக் கலைத்தலில்தான் புது ரகம் பிறக்கிறது. திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் கேரளத்து நாட்டு ரகம் ஒன்றையும் மலேயாவிலிருந்து வந்த எம்-4 ரகத்தையும் இணைத்து, 1971இல் எச்-226ஐ வெளியிட்டது. தமிழ்நாட்டு வயல்களில் பரவிய அந்த ரகம் ஒரு காலத்தில் ஒற்றை விதைச்செடி. மற்றதெல்லாம் அதன் குச்சி.

குச்சி தாயின் குணத்தோடு தாயின் நோயையும் கொண்டுவரும். தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது என்று ஈயை மட்டும் திட்டுகிறோம்; இலை சுருங்கி மஞ்சள் திட்டு விழுந்த செடியிலிருந்தே அடுத்த பருவத்துக்குக் குச்சி வெட்டுவதை யாரும் கேட்பதில்லை. வைரஸ் தொற்று வேறு, மரபு வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்கள் வந்துவிட்டன. அந்தத் தாங்கும் குணம் மட்டும் மரபணுவில் இருப்பது.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொட்டியில் முளைத்த விதைச்செடியின் கிழங்கைச் சுட்டுத் தின்ன விடவேண்டாம். சயனைடு தரும் நச்சுப் பொருளின் அளவும் செடிக்குச் செடி மாறும். தாய்க் கிழங்கு இனித்தது என்பதற்காகப் பிள்ளைக் கிழங்கும் இனிக்கும் என்று சொல்ல முடியாது.