காட்டாற்றில் கயாக் ஓட்டுபவர் தண்ணீரில் எதைப் பார்க்கிறார்?

'சாகச விளையாட்டு' என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் பலர் "உயிரைப் பணயம் வைத்து" என்றுதான் தொடங்குவார்கள். ஆனால் காட்டாற்றில் கயாக் ஓட்டுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தீங்கன்னா, அவர்கள் நிறைய நேரம் படகிலேயே இருப்பதில்லை. கரைப்பாறையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி என்ன பார்க்கிறார்கள் என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். கருத்து விளக்கக் கட்டுரைக்குப் பொருள் தேடும் மாணவர்களுக்கும், மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சலூடா என்ற சிற்றூருக்கு அருகே கிரீன் ஆறு ஓடுகிறது. அதில் 'நாரோஸ்' என்று ஒரு பகுதி. பெயருக்கேற்ப இடுக்கான மலைப்பள்ளம்தான். ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 6 என்பது ஏறக்குறைய முடியாத காரியம். நாரோஸின் பெரிய இறக்கங்கள் 5ஆம் தரம். 1996 முதல் இங்கே நவம்பர் மாத முதல் சனிக்கிழமையில் கயாக் பந்தயம் நடத்திவந்தார்கள். அதில் எல்லாரும் பேசும் இறக்கத்தின் பெயர் 'கொரில்லா'. ஆறு முழுவதும், ஒரு கயாக்கைக் குறுக்கே திருப்பக்கூட இடம் போதாத ஓர் இடைவெளிக்குள் நுழைந்து, உடனே கீழே விழும்.

இடம் குறுகினால் என்ன ஆகும்? மேலே அகலமாக வந்த அதே அளவு தண்ணீர்தான் அந்தச் சந்துக்குள்ளும் போயாக வேண்டும். அதனால் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால், எதிரே நிற்கும் பொருளின்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு பெரிய ஆளைச் சாய்ப்பது ஏன் என்று மாணவர் கேட்டால், விடை இதில்தான் இருக்கிறது.

சரி, கரையில் நிற்பவர் முதலில் தேடுவது 'வி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவம். அதன் கூர்முனை கீழ்நோக்கி, ஆறு போகும் திசையில் இருந்தால், இரண்டு பாறைகளுக்கு நடுவே வழி இருக்கிறது என்று பொருள். கூர்முனை மேல்நோக்கி இருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. அடுத்து, பெரிய பாறையின் பின்புறத்தைப் பார்ப்பார். அங்கே தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி வந்து ஓரளவு அமைதியாக இருக்கும். இந்த எதிரோட்டம்தான் கயாக் ஓட்டியின் பேருந்து நிறுத்தம். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம்வரை போவது, நின்று மூச்சுவிடுவது, அடுத்ததைப் பார்ப்பது. ஆறு முழுவதையும் ஒரே மூச்சில் யாரும் ஓட்டுவதில்லை.

அருவியின் அடியில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. மாணவர்கள் எல்லாவற்றையும் 'நீர்ச்சுழல்' என்றே எழுதிவிடுகிறார்கள். பம்பரம்போல் கிடைமட்டமாகச் சுற்றுவது சுழி. அருவியடியில் நடப்பது அதுவல்ல. விழுந்த நீர் ஆழத்துக்குப் போய், மேலே எழும்பி, மறுபடியும் அருவியை நோக்கியே புரண்டு வருகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் படுக்க வைத்ததுபோல. அதற்குள் மாட்டிக்கொண்ட படகும் ஆளும் வெளியே வர முடியாமல் புரண்டுகொண்டே இருக்கலாம். அங்கே நுரையும் அதிகம். நுரை என்றால் பாதி காற்றுதானே, மிதவை உடை போட்டிருந்தாலும் அது ஆளைச் சரியாகத் தாங்காது.

இதைத் தாண்ட ஒரு நுட்பம் உண்டு. அருவியின் விளிம்பில் கடைசித் துடுப்பை வலுவாகப் போட்டு, படகின் மூக்கைத் தூக்கி, அந்தப் புரளலுக்கு அப்பால் தட்டையாக இறங்க வேண்டும். படகு தண்ணீரில் மோதும் சத்தத்தை வைத்தே இதை 'பூஃப்' என்கிறார்கள். ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் மூக்கு உள்ளே போய்விடும்.

வேறு சில இடங்களில் எந்த நுட்பமும் உதவாது. பாறைகளுக்கு இடையே தண்ணீர் மட்டும் வடிந்து போகும் சல்லடை இடுக்குகள், அடிப்பகுதி அரிக்கப்பட்ட பாறைகள், ஆற்றின் குறுக்கே சாய்ந்த மரங்கள். தேயிலை வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: தேநீர் போய்விடும், தூள் தங்கிவிடும். மனிதன் அங்கே தூள்தான். அப்படி ஓர் இடத்தைக் கண்டால், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியே நடந்துவிடுவார்கள். நன்றாகத் தேர்ந்தவர்களும் கொரில்லாவை நடந்தே கடந்திருக்கிறார்கள்; அதைக் கோழைத்தனம் என்று அந்த வட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் கட்டுரை எழுதத் தகுந்த துணிச்சல், படகை விட்டு இறங்கும் அந்தத் துணிச்சல்தான்.

யாரும் தனியாகப் போவதும் இல்லை. ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் கீழே கயிற்றுப் பையோடு காத்திருப்பார். இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் சைகைதான். துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் 'வரலாம்', கிடைமட்டமாகப் பிடித்தால் 'நில்'. கையை நீட்டிக் காட்டுவது எப்போதும் பாதுகாப்பான வழியைத்தான். ஆபத்தைச் சுட்டிக்காட்டவே கூடாது. தூரத்தில் இருப்பவர் அதையே வழி என்று நினைத்துவிடுவார்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கொண்டுவந்த வெள்ளம் நாரோஸில் பெரும் பாறைகளை நகர்த்திவிட்டது. பல ஆண்டுகளாக மனப்பாடமாக இருந்த இறக்கங்கள் உருமாறின. பழகிய ஆற்றையும் மறுபடி கரையில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

கிரீன் ஆற்றுக்காரர்களுக்கு ஹெலீன் புயலுக்கு முன் ஒரு வசதி இருந்தது. மேலே சம்மிட் ஏரி அணையிலிருந்து மின்நிலையத்துக்காகத் திறந்துவிட்ட நீரை நம்பித்தான் அவர்கள் படகை இறக்கிவந்தார்கள். வழக்கமான நாள்களில் நீரின் அளவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம்ம மாணவர்கள் விடுமுறையில் குளிக்கப் போகும் மலையோடைகளில் பெரும்பாலும் அணை கிடையாது. கோலா குபு பாருவோ கோப்பெங்கோ, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். அந்த நீர் ஒரே அலையாகத் திரண்டு இறங்குவதைத்தான் 'கெப்பாலா ஆயர்' என்கிறோம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கரையேற வேண்டும். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது.

நீர் இழுத்துவிட்டால்? ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வதுதான் பெரிய ஆபத்து. பாறையிடுக்கில் கால் மாட்டினால் பின்னாலிருந்து வரும் நீர் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். முழங்கால் ஆழத்திலேயே இது நடக்கும். மல்லாந்து மிதந்து, கால்விரல்கள் நீருக்குமேல் தெரிய, பாதங்கள் கீழ்த்திசையை நோக்கி இருக்க, கைகளால் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். குறுக்கே விழுந்த மரம் ஒன்று எதிரே வந்து, விலகவும் வழியில்லை என்றால் மட்டும் இது மாறும். அப்போது குப்புறத் திரும்பி, தலையை முன்வைத்து, மரத்தை நோக்கியே வேகமாக நீந்தி, அடிமரத்தைப் பற்றி மேலே ஏறிவிட வேண்டும்; கால் முதலில் போனால் மரத்தின் அடியில்தான் போகும்.