அந்தக் கோப்பை யாரெல்லாம் திறக்கலாம்?

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் குழுத்திட்டத்தை ஒப்படைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நான்கு கோப்புகள் கிடக்கின்றன: ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’, ‘இதைத்தான் பயன்படுத்தவும்’. நான்காவது கோப்பில் முடிவுரையைக் காணோம். அது இரண்டாவதில் இருக்கிறது. இந்தக் கூத்தைப் பார்க்காமல் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் யாரும் இருக்க முடியாது.

ஐந்து பேர் குழுவுக்கே இந்த நிலை என்றால், சில நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். விடுப்புப் படிவம், ஒப்பந்தங்கள், கிடங்கின் இருப்புப் பட்டியல் என எல்லாவற்றிலும் ‘எது சரியான பிரதி’ என்ற கேள்வி எழும். அதனால்தான் பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மட்டுமான உள் இணையத்தளத்தை வைத்துக்கொள்கின்றன. அதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று மைக்ரோசாஃப்ட் 2001ல் வெளியிட்ட ‘ஷேர்பாயிண்ட்’.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது, ஜூரோங்கில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் எனக்கு ஆறு மாத வேலைப் பயிற்சி கிடைத்தது. முதல் நாளே, “ஷேர்பாயிண்ட் தளங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார் மேற்பார்வையாளர். அதை நான் பயன்படுத்தியதே இல்லை என்றேன். அவர் சிரித்தார். “டீம்ஸ் பயன்படுத்தியிருக்கீங்களா தம்பி? அப்போ இதையும் பயன்படுத்தியிருக்கீங்க.”

அவர் சொன்னது சரிதான். டீம்ஸ் சேனலில் நாம் பதிவேற்றும் கோப்பு, பின்னணியில் உள்ள ஒரு ஷேர்பாயிண்ட் தளத்தில் போய் உட்கார்கிறது. தனி உரையாடலில் அனுப்பும் கோப்போ அனுப்பியவரின் ஒன்டிரைவில் தங்குகிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால், ஒன்று குழுவின் சொத்து. மற்றொன்று தனி ஒருவரின் மேசை இழுப்பறை.

அன்றாட வேலை பெரும்பாலும் சின்னச் சின்னதுதான். ஒருவர் தெரியாமல் கோப்பை அழித்துவிடுவார். குப்பைத்தொட்டியில் அது 93 நாள் இருக்கும் என்பதால் மீட்டுத் தரலாம். இன்னொருவர் பட்டியலின் பாதியைத் தவறாக மாற்றியிருப்பார். பழைய பதிப்பைத் தேடி எடுத்துத் தரலாம். பெயரில் கேள்விக்குறி இருப்பதால் பதிவேறாத கோப்புடன் வேறொருவர் காத்திருப்பார். பெயரை மாற்றினால் போதும்.

இரண்டாம் மாதத்தில் வந்தது உண்மையான பாடம். கிடங்கில் வேலை செய்யும் ஒருவர், கூடுதல் நேர வேலைக்கான படிவத்தை உள் இணையத்தளத்தில் தேடியிருக்கிறார். மூன்றாவதாக வந்த முடிவைத் திறந்தால் ஊழியர்களின் பெயர்களும் சம்பளமும்! பாவம், அவரே பதறிப்போய் எங்களை அழைத்தார்.

தேடல் வசதி கெட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார். ஒருவருக்கு அனுமதி உள்ளதை மட்டுமே ஷேர்பாயிண்ட் தேடல் காட்டும். அப்படியென்றால் அவருக்கு யாரோ அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தளத்திலும் உரிமையாளர்கள், உறுப்பினர்கள், பார்வையாளர்கள் என மூன்று குழுக்கள் இருக்கும். தளத்துக்குக் கொடுக்கும் அனுமதி, தனியாக மாற்றாத வரை, அதிலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் தானாக இறங்கும். தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ வருடாந்தர விருந்தின் அறிவிப்பை மனிதவளப் பிரிவின் தளத்தில் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அதைப் பார்க்கட்டும் என்று, அந்த ஒரு கோப்பைப் பகிர்வதற்குப் பதிலாக, நிறுவனத்தின் மொத்த ஊழியர்களையும் தளத்தின் பார்வையாளர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். விருந்து முடிந்தது. கதவு மட்டும் திறந்தபடியே இருந்தது.

நான் அவசரமாகச் சம்பளக் கோப்பை அழிக்கப் போனேன். “தொடாதீங்க!” என்று தடுத்தார் மேற்பார்வையாளர். அந்தப் பட்டியலை வைத்துத்தான் கணக்குப் பிரிவு அந்த வாரம் சம்பளம் போட வேண்டும். முதலில் அனுமதியை நீக்கினோம். பிறகு தணிக்கைப் பதிவை எடுத்து, கோப்பைத் திறந்தவர்கள் யார் என்று பார்த்து மனிதவள மேலாளரிடம் கொடுத்தோம். சக ஊழியரின் சம்பளத்தைத் தெரிந்துகொண்ட ஒருவரின் மனத்திலிருந்து அதை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது. அன்று அந்த மேலாளரின் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. தனிநபர் தரவைப் பாதுகாப்பது, 2012ல் இயற்றப்பட்ட சட்டப்படி சிங்கப்பூர் நிறுவனங்களின் கடமையும்கூட.

இப்போது ‘கோபைலட்’ போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் அலுவலகங்களுக்குள் வந்துவிட்டன. கோபைலட்டும் கேட்பவருக்கு அனுமதி உள்ள கோப்புகளிலிருந்துதான் பதில் சொல்லும். முன்பு ஒருவர் தற்செயலாகத் தடுக்கி விழ வேண்டியிருந்த கோப்பை, இனி ஒரே கேள்வியில் அது எடுத்து நீட்டிவிடும். பழைய அனுமதிகளைச் சுத்தம் செய்பவருக்கு வேலை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

எங்கள் தளங்கள் மேகக் கணிமையில் இருந்தன. சொந்தக் கணினிச் சேவையகங்களில் ஷேர்பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். 2025 ஜூலையில் அத்தகைய சேவையகங்களைக் குறிவைத்துப் பெரிய தாக்குதல் நடந்தது. மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. ஆனால், திருத்தத்தை மட்டும் நிறுவினால் போதவில்லை. ஊடுருவியவர்கள் சேவையகத்தின் மறைகுறியீட்டுச் சாவிகளையும் திருடியிருக்கலாம் என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. திருடன் நுழைந்த சன்னலை அடைத்தாலும், அவன் சட்டைப்பையில் வாசல் சாவியின் நகல் இருக்கும் அல்லவா?

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். தகவல் தொழில்நுட்பப் பட்டயக் கல்வி உதவும். ‘பவர்ஷெல்’ கட்டளைகளை எழுதத் தெரிந்தால் நூறு தளங்களின் அனுமதிகளை ஒரேயடியாகச் சரிபார்க்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, இதில் தேர்ந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்பவர்கள். ‘இந்தத் தளம் யாருடையது? அவர் விடுப்பில் போனால் யார் பொறுப்பு?’ என்று நச்சரிப்பார்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

என் கடைசி நாளில் மேற்பார்வையாளர் என்னையும் விடவில்லை. ஊழியரின் கணக்கை நீக்கிவிட்டால், நிறுவனம் வேறு கெடு வைக்காத வரை, அவருடைய ஒன்டிரைவ் 30 நாளுக்குத்தான் வைத்திருக்கப்படும். “உங்க ஒன்டிரைவ்ல எங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கா தம்பி?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய பயனர் கையேடு உட்பட ஏழு கோப்புகள் இருந்தன. எல்லாம் டீம்ஸ் உரையாடலில் அவருக்கே நான் அனுப்பியவை. அவற்றைக் குழுவின் தளத்துக்கு மாற்றிவிட்டுக் கிளம்பும்போது மணி ஆறரை ஆகியிருந்தது.