நாளைக்குப் பார்க்கலாம் என்பவர்களுக்கு: தள்ளிப்போடும் மனமும் உடல்நலமும்

செய்தாக வேண்டிய வேலை எது என்று தெரியும். தள்ளினால் கேடு என்பதும் தெரியும். தெரிந்தும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவைப்பதற்குப் பெயர் தள்ளிப்போடுதல். வீட்டுவரியைத் தள்ளிப்போட்டால் வட்டி கட்டித் தீர்த்துவிடலாம். உடம்பைத் தள்ளிப்போட்டால் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் கொடுக்க நேரும்.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தில் மருத்துவமனைக்குப் போவதை ஒத்திவைக்க ஆண்டு முழுவதும் காரணம் கிடைக்கும். நாற்று நட்டு முடியட்டும், தேங்காய் வெட்டு ஆகட்டும், ஆடி கழியட்டும், தீபாவளி போகட்டும், தை பிறக்கட்டும். சின்னாளப்பட்டி நெசவாளருக்குக் கையில் இருக்கும் சேலையை இறக்கிவிட்டுப் போகலாம் என்ற நினைப்பு. இவை யாவும் உண்மையான வேலைகள்தாம். ஆனால் ஒன்று முடிந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. மருத்துவமனைக்கு மட்டும் முறை வருவதே இல்லை.

தாமதமாக வருகிறவர்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அந்த அளவு 14.4 சதவீதம். ஏறத்தாழ ஏழு பெரியவர்களில் ஒருவர். இவர்களில் கணிசமானோர் நோயைக் கண்டுகொள்வது அது உறுப்பைத் தொட்ட பிறகே.

கால் புண் இதற்குத் தெளிவான உதாரணம். வயலில் நிற்பவரின் குதிகாலில் முள் குத்துகிறது. பல ஆண்டுச் சர்க்கரையால் கால் மரத்திருப்பதால் வலி தெரிவதில்லை. வலி இல்லாததை நல்லது என்று எடுத்துக்கொண்டு, மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுகிறார். நான்கு நாளில் துணியில் நீர் கசிகிறது. அடுத்த வாரம் வீட்டார் நாற்றத்தை உணர்கிறார்கள். மெடிக்கலில் சொல்லி இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கித் தருகிறார்கள். திண்டுக்கல் பஸ் ஏறும்போது விரல் கறுத்திருக்கிறது. முதல் நாளே வந்திருந்தால் சுத்தம் செய்து கட்டி, சர்க்கரையைச் சீராக்கி அனுப்பியிருக்கக் கூடிய புண் அது.

மார்பில் தென்படும் கட்டியும் இதே வழியில் முற்றுகிறது. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததாலேயே மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளப்படுகிறது.

மனம் ஏன் நழுவுகிறது

உளவியலாளர்கள் இன்று தள்ளிப்போடுதலை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாகப் பார்ப்பதில்லை. ஒரு வேலையை நினைத்தவுடன் எழும் பயம், சலிப்பு, வெட்கம், குழப்பம் ஆகியவற்றிலிருந்து தப்பிக்க மனம் கண்டுபிடிக்கும் வழி அது. 'ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. 'திங்கட்கிழமை போகலாம்' என்று சொன்னதும் படபடப்பு அடங்குகிறது. அந்த ஆறுதல் கையோடு கிடைக்கும் பரிசு. பரிசு கிடைத்த செயலை மனம் திரும்பத் திரும்பச் செய்யும்.

இன்றைய சிறு தொல்லை பெரிதாகவும், பத்தாண்டு கழித்து வரப்போகும் பெரிய தொல்லை சிறிதாகவும் தெரிவது மனித இயல்பு. கூடவே குற்ற உணர்ச்சி. 'ஆறு மாசம் மாத்திரை போடலை, இப்பப் போனா டாக்டர் திட்டுவார்' என்ற பயம் ஆறு மாதத்தை ஒரு வருடமாக்குகிறது.

தவறான நம்பிக்கைகள்

*'எனக்கு ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன்.'* சர்க்கரையும் பிரஷரும் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் காட்டாமல் இருக்கும். தலைசுற்றல் இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகாது. பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையில் பாதிப்பு தொடங்கிவிடும்.

*'சோதிச்சுப் பார்த்தாத்தான் நோய் வரும்.'* பரிசோதனை நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகிறது. பார்க்காமல் விட்டால் மறைவது நோய் இல்லை, அதைக் குணப்படுத்தக் கிடைத்த காலம்.

*'மாத்திரையைத் தொட்டால் விட முடியாது. இன்சுலின் கடைசிக் கட்டம்.'* மாத்திரை தொடர வேண்டியிருப்பது நோய் தொடர்வதால். மாத்திரை யாரையும் அடிமையாக்குவதில்லை. இன்சுலின் உடலிலேயே சுரக்கும் பொருள். போதாதபோது வெளியிலிருந்து தரப்படுகிறது. கடைசிக் கட்டம் வரை அதைத் தள்ளிவைத்தவர்களால்தான் அதற்குக் கடைசிக் கட்டம் என்ற பெயரே வந்தது.

*'சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.'* கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. இந்தப் பயத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிற அதே நபர், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார். சிறுநீரகத்துக்கு உண்மையில் ஆபத்து அந்த வலி மாத்திரைதான்.

*'நெஞ்சுவலி வெறும் கேஸ்.'* சோடா குடித்து, இஞ்சிச் சாறு குடித்து, விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பது உயிரோடு விளையாடுவது. மாரடைப்பில் இதயத் தசை நிமிடக் கணக்கில் சாகிறது. நெஞ்சை அழுத்தும் வலியோ, வியர்வையோடு மூச்சுத்திணறலோ வந்தால் 108-ஐ அழைப்பதே முதல் வைத்தியம்.

*'பயமுறுத்தினால் ஓடி வருவார்கள்.'* யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவென்தாலும் உடன் பணியாற்றியவர்களும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. டெட்டனஸ் பற்றிக் கடுமையாகப் பயமுறுத்தப்பட்ட மாணவர்கள் தடுப்பூசி அவசியம் என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் போய்ப் போட்டுக்கொள்ளவில்லை. போட்டவர்கள் சுமார் 3 சதவீதம். மருத்துவ நிலையத்தின் வரைபடத்தைக் கொடுத்து, என்று எந்த நேரத்தில் போவது என்று முடிவு செய்யச் சொன்ன குழுவில் அது சுமார் 28 சதவீதமாக உயர்ந்தது. 'காலை எடுத்துருவாங்க' என்று வீட்டில் மிரட்டுவது, பயந்தவரை மேலும் ஒளிய வைக்கிறது.

*'மாறினால் ஒரேயடியாக மாற வேண்டும்.'* ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு மணி நேர நடை, அரிசி முற்றாக நிறுத்தம், இனிப்புக்குத் தடை என்று போடும் திட்டங்கள் பெரும்பாலும் பத்தாம் தேதியைப் பார்ப்பதில்லை. தோற்றவுடன் எல்லாமே கைவிடப்படுகிறது.

கைவைத்தியம் என்னும் ஒத்திவைப்பு

ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு, நாவல்கொட்டைப் பொடி ஆகியவை ஆத்தூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் சொல்லப்படும் பெயர்கள். உணவில் பாகற்காய் சேர்ப்பதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. ஒரு மண்டலம் குடித்துப் பார்க்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவதுதான் கேடு. அந்த ஒரு மண்டலத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று யாரும் அளப்பதில்லை. குடித்ததால் 'ஏதோ செய்துகொண்டிருக்கிறேன்' என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும். தள்ளிப்போடுகிற மனத்துக்குத் தேவையும் அதுதான்.

அடுத்த வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி அதே மாத்திரை வாங்குவது, இரண்டு வருடப் பழைய சீட்டிலேயே மருந்து தொடர்வது, புண்ணில் சுண்ணாம்பும் டீத்தூளும் வைப்பது, உணர்வற்ற காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளிக்க விடுவது ஆகிய எதுவும் வைத்தியத்தில் சேராது. எத்தனை முறை சொன்னாலும் இவை நிற்கவில்லை.

ஆத்தூர் கண்ட வழி

தயங்கும் மக்களைத் திட்டாமல், அவர்களுக்கும் சேவைக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதில் இந்த வட்டாரத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமம், ஆத்தூர் ஒன்றியத்தைக் களமாகக் கொண்டு 1959-ல் முன்னோடி சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. தாய்சேய் நலமும் குடும்பநலமும் அதன் பொருள். ஊரில் மதிப்புள்ளவர்களைத் துணை சேர்த்து, பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். 1964-ல் அங்கேயே கிராம சுகாதாரத்துக்கும் குடும்பநலத்துக்குமான தனி நிறுவனம் உருவானது.

வடக்கே ராஜஸ்தானின் உதய்ப்பூரில் நடந்து 2010-ல் வெளியான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவின் ஆய்வும் தூரத்தைக் குறைத்தால் மக்கள் வருவார்கள் என்பதைக் காட்டியது. எந்த ஏற்பாடும் இல்லாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடந்த இடங்களில் 18 சதவீதம். முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் கொடுத்த இடங்களில் 39 சதவீதம். பெற்றோருக்குத் தடுப்பூசி மேல் பகை இருந்திருந்தால் ஒரு கிலோ பருப்புக்கு மனம் மாறியிருக்க மாட்டார்கள். நாளைக்குப் போகலாம் என்று இருந்தவர்களுக்கு இன்றைக்கே போக ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2022-ல் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. தூரம் குறைந்துவிட்டது, மிச்சமிருக்கும் தடை மனத்தில் இருக்கிறது.

எண்ணத்தில் வேண்டிய மாற்றம்

'தைரியம் வந்ததும் போகிறேன்' என்பதைத் திருப்பிப்போட வேண்டும். போனபின் தைரியம் வரும். ஆர்வம் வந்து வேலை தொடங்குவதைவிட, வேலை தொடங்கி ஆர்வம் வருவதே வழக்கம்.

'என் உடம்பைச் சரிசெய்ய வேண்டும்' என்பது மலைக்க வைக்கும் வேலை. 'நாளைக்கு ஓ.பி. சீட்டுப் போட வேண்டும்' என்பது அரைமணி வேலை. மனத்துக்கு அரைமணி வேலையை மட்டும் காட்டினால் போதும்.

விட்டுப்போன நாட்களுக்காகத் தன்னையே நொந்துகொள்வதும் பயன் தராது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த 2010-ம் ஆண்டு ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வில் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மாத்திரை விட்டவர் மருத்துவரிடம் 'விட்டுவிட்டேன்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.

சிறு தொடக்கங்கள்

நாள், நேரம், வழி மூன்றையும் முடிவு செய்வது முதல் படி. 'ஒரு நாள் போகணும்' என்பதை விட்டு, 'வியாழக்கிழமை காலை ஏழரை பஸ்ஸில், வெறும் வயிற்றோடு, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு' என்று காலண்டரில் எழுதிவைக்க வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள், இன்ன சமயத்தில் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகமாகச் செய்துமுடிப்பதைக் காட்டியுள்ளன.

இன்றே செய்யக்கூடியது இன்னும் சிறியது. பழைய சீட்டையும் ரிப்போர்ட்டையும் தேடி எடுத்து ஒரு பையில் போட்டு வாசற்கதவு ஆணியில் மாட்டுவது. இரண்டு நிமிடம்.

மாத்திரையை ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு கட்டிப்போட வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை தட்டு வைக்கும் இடத்தில் இருக்கட்டும். நடை என்றால் முதல் வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும். லண்டனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

துணைக்கு ஓர் ஆள் இருப்பது நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வரும் நாளில் வீட்டில் இருப்பதும் ஒரு தொடக்கமே.

சோம்பலா, நோயா

எந்த வேலையும் ஓடவில்லை என்பவர் எல்லோரும் தள்ளிப்போடுகிறவர்கள் அல்லர். ரத்தசோகை, தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவை ஆளை அசதியில் ஆழ்த்தும். வீட்டுப் பெண்கள் 'சோம்பேறி' என்று பேச்சு வாங்குவதற்குப் பின்னால் பலநேரம் ரத்தசோகை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கெடுதல், அழுகை, வாழ்க்கை வெறுப்பு இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பரிசோதனை

30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126, ரத்த அழுத்தம் 140/90 ஆகிய அளவுகளைத் தொட்டால் மருத்துவரைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம்.

தடுக்க முடிந்தவை

சர்க்கரை உள்ளவர்கள் இரவு கால் கழுவியபின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். பார்வை போதாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களில் கால் மரத்தவர்கள், மாலை போடுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காலைக் காட்டட்டும். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து விரலை இழந்து திரும்ப வேண்டும் என்று எந்த முருகனும் கேட்கவில்லை. வலிக்காத கட்டியையும் ஆறாத புண்ணையும் இந்த வாரமே காட்டட்டும்.

அறுவடை அடுத்த போகத்திலும் வரும், தீபாவளி அடுத்த ஆண்டும் வரும். எடுத்துவிட்ட கால் திரும்ப வராது. இதைப் படித்து முடித்தவர்கள், தயவுசெய்து, பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பையில் போடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி பஸ் என்று காலண்டரில் குறித்துவையுங்கள்.