பழைய காருக்குப் புதிய கால்கள்

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் ஷெவர்லே நிறுவனம் ‘கமாரோ’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வகைகளுள் ஒன்றில் 5.7 லிட்டர் கொள்ளளவும் 295 குதிரைத்திறனும் கொண்ட எட்டு உருளை எஞ்சின் இருந்தது. நடுத்தர அளவான உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திய இத்தகைய கார்களுக்கு அமெரிக்கர்கள் ‘மசில் கார்’ என்று பெயரிட்டனர். பயில்வானைப் போன்ற கார் என்று பொருள் கொள்ளலாம்.

நேர்சாலையில் இந்தப் பயில்வானை மிஞ்சுவது கடினம். வளைவு வந்துவிட்டால் அவன் தடுமாறுவான். உடல் ஒரு பக்கம் சாயும். மூக்கு வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். மேடு பள்ளங்களில் பின்பக்கம் துள்ளும். எஞ்சினுக்குக் காட்டிய கவனத்தை அதன் கால்களுக்குக் காட்டவில்லை. கால்கள் என்று நாம் சொல்வது சக்கரங்களை உடலோடு இணைக்கும் வில்களும், கைகளும், அதிர்வைத் தணிக்கும் உறுப்புகளும் சேர்ந்த அமைப்பை. இதுவே சஸ்பென்ஷன்.

இன்றும் அமெரிக்காவில் இந்தப் பழைய கார்களைப் போற்றி வைத்துச் சாலையில் ஓட்டுவோர் பலர். அப்படி ஓர் இளைஞருக்குத் தாத்தாவின் 1967 கமாரோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதன் கால்களைச் செப்பனிட விரும்புகிறார். கடையில் விறைப்பான வில்கள், தடித்த தண்டுகள், விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்கள் எல்லாம் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கக் கையில் பணமில்லை. “இருப்பதிலேயே விறைப்பான வில்லைப் போடு, கார் பந்தயக் கார் ஆகிவிடும்” என்கிறார் ஒரு நண்பர். அது சரியா? உங்கள் பௌதிகப் பாடநூலில் உள்ள நாலைந்து விதிகளைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

நான்கு உள்ளங்கைகள்

ஆட்களோடு காரின் எடை 1600 கிலோகிராம் எனக் கொள்வோம். கணக்கு எளிதாவதற்காக ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் 400 கிலோகிராம் என்று பிரித்துக்கொள்வோம். டயரினுள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம். அப்படியானால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு சேர்த்து விரித்து வைத்த ஒரு கையின் பரப்பைவிட இது சற்றே பெரிது.

காரைத் திருப்புவதும், நிறுத்துவதும், வேகப்படுத்துவதும் இந்த நான்கு சிறு பரப்புகளில் எழும் உராய்வே. ஆகவே சஸ்பென்ஷனின் முதல் வேலை சொகுசு தருவதன்று. டயரைத் தரையை விட்டு அகலாமல் வைத்திருப்பதே. எந்த உறுப்பை வாங்குவதானாலும், “இது டயரைத் தரையோடு இன்னும் நன்றாகச் சேர்த்து வைக்குமா?” என்று முதலில் கேட்க வேண்டும்.

வில்லும் அதிர்வும்

ஒரு சுருள்வில்லில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சற்று இழுத்து விடுங்கள். கல் மேலும் கீழும் ஆடும். ஒரு வினாடியில் அது எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதிர்வெண். இதை அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. எடையைத் தொங்கவிட்டதும் வில் எத்தனை சென்டிமீட்டர் நீண்டது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைத்துவிடும். நீட்சி 25 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்கு ஓர் அதிர்வு. நீட்சி 6.25 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்கு 2 அதிர்வுகள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதிர்வெண் இரு மடங்காவதற்கு நீட்சி நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். அதாவது வில்லின் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும்.

அக்காலத்து அமெரிக்கக் கார்களின் உடல் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஆடியது. தொட்டில்போல் சுகமானது, ஆனால் வளைவில் மிகவும் சாய்ந்தது. இதை 1.2 ஆக உயர்த்த விறைப்பை 44 சதவீதம் கூட்டினால் போதும். சாலையில் ஓடும் காருக்கு இத்தகைய அளவான மாற்றமே நல்லது. பந்தயத் திடல் வழவழப்பானது. அங்கே மிக விறைப்பான வில் வேலை செய்யும். ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் அதே வில், சக்கரம் மேட்டில் ஏறும்போது காரையே தூக்கி எறியும். டயர் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் உராய்வு ஏது? வளைவின் நடுவே அப்படி நேர்ந்தால் கார் தன் தடத்தை விட்டு விலகி, எதிரே வரும் வண்டியின் தடத்தில் நுழையலாம். நண்பரின் யோசனையில் உள்ள ஆபத்து இதுதான்.

வில்லைப் புதிதாக வாங்காமல், இருக்கும் சுருள்வில்லில் இரண்டு சுற்றுகளை வெட்டிவிடுவோரும் உண்டு. வில்லின் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வேலை செய்யும் பத்துச் சுற்றுகளில் இரண்டை வெட்டினால் விறைப்பு 25 சதவீதம் கூடும். கார் தாழ்ந்தும் நிற்கும். ஆனால் தாழ்ந்த அளவுக்குச் சக்கரம் மேலே எழ இடம் குறைந்துவிடுகிறது. சற்றுப் பெரிய மேடு வந்ததும் ரப்பர் முட்டுக்கட்டையில் ‘தட்’டென்று இடிக்கும். அந்த நொடியில் வில் இருந்தும் இல்லாததுபோல்தான்.

விளக்கெண்ணெய்ச் சோதனை

வில்லில் தொங்கும் கல்லைக் காற்றில் ஆடவிட்டால் வெகுநேரம் ஆடும். நீரில் மூழ்கியிருக்குமாறு ஆடவிட்டால் விரைவில் ஓயும். விளக்கெண்ணெயில் இன்னும் விரைவில் அடங்கிவிடும். பாகுநிலை கல்லின் இயக்க ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. இதையே தணிப்பு என்கிறோம்.

காரில் இந்த வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். ஒரு குழாய்க்குள் எண்ணெய். அதில் சிறு துளைகள் கொண்ட உந்துதண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் துளைகள் வழியே நெருக்கிப் பாய்ந்து சூடாகிறது. பெயரைக் கேட்டு, அதிர்ச்சியைத் தாங்குவது அதுவே என்று நினைத்துவிடாதீர்கள். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வில்லின் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பர்.

எந்த அளவு தணித்தால் பொருள் ஒருமுறைகூட ஆடாமல் நேராகத் தன் இடத்துக்குத் திரும்புமோ, அந்த அளவை மாறுநிலைத் தணிப்பு என்பர். சாதாரணக் காருக்கு அதில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை போதும். அதற்கு மிக அதிகமானால் ஷாக் அப்சார்பரே இரும்புக் கம்பிபோல் விறைத்து ஒவ்வொரு கல்லையும் உடலுக்குத் தெரிவிக்கும். மிகக் குறைந்தால் டயர் பந்துபோல் துள்ளும்.

மாறுநிலைத் தணிப்பு வில் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. நாம் வில்லை 44 சதவீதம் விறைப்பாக்கினோம் அல்லவா? அப்படியானால் தணிப்பையும் 20 சதவீதம் கூட்டியாக வேண்டும். வில்லை மட்டும் மாற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டு வைப்பவர் பாதி வேலையைத்தான் செய்தவராவார். வில்லும் ஷாக் அப்சார்பரும் இணை பிரியாத ஜோடி.

வளைவில் எடை எங்கே போகிறது?

வளைவில் காரின் எடை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. நமது காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலும், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 150 சென்டிமீட்டர் தொலைவும் உள்ளதாகக் கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.6 பங்கு. 1600ஐ 0.6ஆல் பெருக்கி, உயரத்தை அகலத்தால் வகுத்து வரும் மூன்றில் ஒன்றாலும் பெருக்கினால் 320 கிலோகிராம் வருகிறது. இவ்வளவு எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் வில்லின் விறைப்பு எங்கேனும் வருகிறதா? இல்லை! எவ்வளவு விறைப்பான வில்லைப் போட்டாலும் மொத்த எடை மாற்றம் ஏறத்தாழ அதேதான். உடலின் சாய்வுதான் குறையும். அந்த 320 கிலோகிராமில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டுமே நாம் மாற்ற முடியும்.

அந்தப் பங்கீட்டைச் செய்வதில் வில்களுக்குத் துணையாக ஓர் உறுப்பு உண்டு. அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் சாய்வுத் தடுப்புத் தண்டு. கார் சாயும்போது இந்த எஃகுத் தண்டு முறுக்கப்பட்டு எதிர்த்து நிற்கிறது. முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 24 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, விளைவோ பெரிது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டயரின் பிடிமானம் எடையோடு அதே விகிதத்தில் கூடுவதில்லை. 200 கிலோகிராம் எடையில் டயர் 180 கிலோகிராம் பிடிக்கிறது, 400இல் 340, 600இல் 480 என்று எடுத்துக்கொள்வோம். இரு முன்சக்கரங்களும் சமமாக 400, 400 தாங்கினால் மொத்தப் பிடிமானம் 680. ஒன்று 600, மற்றது 200 என்றானால் 660தான். எடை மாற்றம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கத்தின் பிடி குறைகிறது.

கமாரோவின் பெரிய எஞ்சின் முன்னால் இருக்கிறது. மூக்கு ஏற்கெனவே கனம். முன்தண்டை மட்டும் அளவுமீறித் தடிப்பாக்கினால் மூக்கு இன்னும் வெளியே போகும். பின்னால் தடித்த தண்டைப் போட்டால் பின்பக்கம் பிடி இழந்து சுழலக்கூடும். ஆகவே தண்டுகளை முன்னும் பின்னும் இணைத்தே பார்க்க வேண்டும்.

துளைகள் செய்த மாயம்

வில்லையும் தண்டையும் விடச் சக்கரத்தின் கோணம் முக்கியமாகிவிடும் இடமும் உண்டு. இதற்கு அழகான சான்று 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் காரிலிருந்து கரோல் ஷெல்பியின் நிறுவனம் உருவாக்கிய ஜி.டி.350.

மஸ்டாங்கின் முன்சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்திருந்தன. கார் வளைவில் சாய்ந்தபோது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையும் வெளிப்புறமாகச் சாய்ந்தது. டயர் விளிம்பில் நின்றது. ஷெல்பியின் காரில் மேற்கை பொருந்தும் துளைகளை ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர், தாழ்த்தித் துளைத்தனர். அவ்வளவே. இப்போது சக்கரம் மேலெழும்போது சாய்வான மேற்கை அதன் தலையை உட்புறமாக இழுத்தது. டயர் தட்டையாகத் தரையில் படிந்தது. உடலின் சாய்வும் சற்றுக் குறைந்தது. கூடவே தடித்த முன்தண்டும் நல்ல ஷாக் அப்சார்பர்களும் பொருத்தினர். செலவைக் குறைக்க, 1966இல் செய்த பெரும்பாலான கார்களில் துளைகளைத் தாழ்த்தும் வேலையைக் கைவிட்டனர் என்பது வேடிக்கை!

கமாரோவின் முன்பக்கமும் ஏறத்தாழ இதே குறை உடையது. அதற்கும் மேற்கையைத் தாழ்த்தும் முறை உண்டு. ஆனால் சட்டத்தில் துளை போடுவது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை.

துள்ளும் பின் அச்சு

1967 கமாரோவின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு தகடு கொண்ட வில். ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் அச்சுக்கு முன்னால். ஆக்ஸிலேட்டரை வேகமாக மிதித்தால் சக்கரத்தின் எதிர்முறுக்கம் வில்லை நெளித்தது. வில் நிமிர்ந்து திருப்பி அடித்தது. கனமான அச்சு படபடவெனத் துள்ளியது. 1968இல் நிறுவனமே ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றிவைத்தது. அச்சு எப்பக்கம் சுழன்றாலும் ஒன்று தடுக்கும். வலிமை மிக்க வகைகளுக்குப் பல தகடுகள் அடுக்கிய வில்லையும் கொடுத்தது. நமது இளைஞர் பின்பக்கத்துக்குச் செலவு செய்வதானால் இதே வழியில் போகலாம்.

எதை முதலில் செய்வது?

முதலில் வாங்கும் ஆசையை நிறுத்திவைத்துக் காரைச் சோதிக்க வேண்டும். ஐம்பதாண்டுகளைக் கடந்த காரில் ரப்பர் புஷ்கள் வெடித்துப் போயிருக்கும். இணைப்புகள் தளர்ந்திருக்கும். ஆடிப்போன இணைப்பின் மேல் புதிய வில்லை வைப்பது கரையான் அரித்த தூணுக்கு வண்ணம் பூசுவது போன்றது. பிரேக்கும் டயரும் நல்ல நிலையில் உள்ளனவா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து நல்ல ரேடியல் டயர்களும், அவற்றுக்கு ஏற்ற சக்கரக் கோணங்களும். கமாரோ வந்த காலத்து டயர்களுக்கு வகுத்த கோணங்கள் இன்றைய ரேடியல் டயர்களுக்குப் பொருந்துவதில்லை. கோணங்களைச் சரிசெய்யச் செலவு குறைவு; பலன் அதிகம்.

மூன்றாவதாக ஷாக் அப்சார்பர்கள். பின்னர் அளவான வில்களையும் தண்டுகளையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வாங்க வேண்டும். பந்தய வில் பந்தயத் திடலிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தெரிந்த சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும். நீங்கள் சோதனைச் சாலையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறீர்களே, அதே முறைதான் இது.

நமது இளைஞரின் நண்பருக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். விறைப்பானது எல்லாம் வலிமையானது அன்று. காரைச் சாலையில் நிறுத்துபவை அந்த நான்கு சிறு பரப்புகளே. அவை தரையை விடாதிருக்க வில், தணிப்பு, தண்டு, கோணம் நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும்.

முடிக்குமுன் ஒரு கேள்வி. ஒருவர் தம் காரின் 20 மில்லிமீட்டர் தண்டை எடுத்துவிட்டு 30 மில்லிமீட்டர் தண்டைப் பொருத்துகிறார். விறைப்பு எத்தனை மடங்காகும்? விடையைக் கண்டுபிடித்தபின், அந்தத் தண்டை உங்கள் காரில் பொருத்தத் துணிவீர்களா என்றும் சிந்தித்துப் பாருங்கள்.