வரிக் கணக்கை யாரை நம்பிக் கொடுப்பது?

மார்ச் மாதம் பிறந்தாலே வாட்சாப் குழுக்களில் அந்த விளம்பரமும் வந்துவிடுகிறது. ‘இ-ஃபைலிங் செய்து தரப்படும், கட்டிய வரி திரும்பக் கிடைக்கும், ஐ.சி. எண்ணும் பாஸ்வேர்டும் அனுப்பினால் போதும்.’ வேலை முடிந்து களைப்பாக வீடு திரும்புபவருக்கு இது பெரிய உதவியாகத்தான் தெரியும்.

சம்பளம் மட்டுமே வாங்குபவருக்கு இந்த உதவி தேவையே இல்லை. முதலாளி கொடுக்கும் இஏ படிவத்தையும் ரசீதுகளையும் வைத்துக்கொண்டு மைடேக்ஸ் தளத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். புரியாவிட்டால் வருமான வரி வாரியத்தின் கிளைக்குப் போய்க் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால், தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த பல குடும்பங்களுக்கு வருமானம் இப்போது ஓர் இடத்திலிருந்து மட்டும் வருவதில்லை. தொழிற்சாலைச் சம்பளம் ஒரு பக்கம். அப்பா விட்டுச்சென்ற வீட்டின் வாடகை, அதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பங்கு. கம்பத்துப் பக்கம் மூன்று ஏக்கர் செம்பனை. வார இறுதியில் கிராப் ஓட்டம். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் விவரம் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

எந்தப் படிவம் என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடும். சம்பளமும் வீட்டு வாடகையும் மட்டும் என்றால் பிஇ படிவம், கடைசி நாள் ஏப்ரல் 30. செம்பனையோ கிராப்போ சேர்ந்துவிட்டால் அது தொழில் வருமானம். அப்போது பி படிவம், கடைசி நாள் ஜூன் 30. இணையம் வழி அனுப்புவோருக்கு வழக்கமாக 15 நாள் கூடுதல் அவகாசம் உண்டு.

வாடகையில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. கூட்டுச் சொத்து என்றால் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தனித்தனியே காட்ட வேண்டும். வீட்டுக் கடன் வட்டி, நிலவரி, மதிப்பீட்டு வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். புதிதாக சமையலறை கட்டிய செலவைக் கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைப் பிடித்துத் தந்த ஏஜண்டின் கமிஷனையும் கழிக்க முடியாது. ஓட்டை மாற்றினீர்களா, அறையைக் கூட்டினீர்களா என்று கேட்காமல் ஒருவர் உங்கள் கணக்கை எழுதினால், அவர் எழுதுவது உங்கள் கணக்காக இருக்காது.

சரி, யாரிடம் போவது? ‘அக்கவுண்டண்ட்’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் இருவர் உண்டு. மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏ-வின் உறுப்பினர் ஒருவர். அவர் பெயரை அக்கழகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். 1967 வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின் கீழ் நிதியமைச்சரின் அங்கீகாரம் பெற்ற வரி முகவர், அதாவது ‘எஜென் சுக்காய்’, மற்றவர். எம்ஐஏ உறுப்பினர் என்பதாலேயே ஒருவர் வரி முகவர் ஆகிவிடுவதில்லை. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அங்கீகார எண்ணும் காலாவதி தேதியும் பாருங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உரிமம் இல்லாதவரிடம் போனால் என்ன ஆகிவிடும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். கழிவுகள் எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 65,000 வெள்ளி உள்ளவர் ஒருவர். பெற்றோரின் மருத்துவச் செலவு 8,000 வெள்ளி, வாழ்க்கைமுறைச் செலவு 2,500 வெள்ளி என்று ரசீதே இல்லாமல் ‘ஏஜண்ட்’ அடித்துவிடுகிறார். அந்த வருமானப் படியில் வரி 11 விழுக்காடு. ஆக 1,155 வெள்ளி வரி குறைகிறது. அதில் ஒரு பங்கு ஏஜண்டுக்கு. இருவருக்கும் மகிழ்ச்சி.

வாரியம் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய்க் கூடுதல் வரி விதிக்கலாம். மோசடி என்றால் அந்த வரம்பும் இல்லை. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் சும்மா அல்ல. தணிக்கைக் கடிதம் வரும்போது அந்த 1,155 வெள்ளியைத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு மேல் 100 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கப்படலாம். மூன்று ஆண்டுகள் இப்படியே செய்திருந்தால் தொகையும் மூன்று மடங்கு. பொய்க் கணக்கு எழுத உதவியவருக்கும் தண்டனை உண்டுதான். ஆனால், கடிதம் வருவது உங்கள் பெயருக்கு. ஏஜண்டின் தொலைபேசி எண் அதற்குள் மாறியிருக்கும்.

ஆகவே, ‘எவ்வளவு திரும்பக் கிடைக்கும்’ என்பதை முதல் பேச்சிலேயே சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது. ரசீதைப் பார்ப்பதற்கு முன் அவருக்கு அது எப்படித் தெரியும்? கிடைக்கும் தொகையில் விழுக்காடு கேட்பவரும் அப்படியே. தொகையைக் கூட்டிக் காட்டினால் அவருக்குத்தான் லாபம். வேலைக்கு இவ்வளவு என்று கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் தருபவரே மேல். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். உரிமம் பெற்ற முகவர் தம் சொந்தக் கணக்கின் வழியாகவே உங்கள் படிவத்தை அனுப்ப முடியும். அனுப்பும் முன் படிவத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வங்கிக் கணக்கு எண் உங்களுடையதா என்றும் பாருங்கள். அனுப்பிய பின் ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள் என்றால் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருமானத்தைக் குறைத்தோ கழிவைக் கூட்டியோ காட்டியிருந்தால், கடைசித் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை திருத்தப் படிவம் அனுப்பலாம். கூடுதல் தொகை கட்ட வேண்டிவரும், ஆனாலும் தணிக்கையில் சிக்குவதை விடக் குறைவுதான். வாரியம் விதித்த வரியே தவறு என்று நினைத்தால், மதிப்பீட்டு அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் ‘கியூ’ படிவத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த 30 நாளில் ஏஜண்டைத் தேடி அலைந்து நாளைக் கழிக்காமல், கடிதத்தோடு நேரே கிளைக்கோ உரிமம் உள்ள முகவரிடமோ போய்விடுங்கள்.